எதிரே வருபவரின் கண் கூசாமல் கார் ஹெட்லைட்டை மேம்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியச் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கும், ஹாலஜன் பல்பும் ரிஃப்ளெக்டரும் கொண்ட கார்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. விளக்குடன் வந்த கார்களை வைத்திருப்பவர்களுக்கு, விளக்கின் உயரம், பின்புறப் பாரம், கண்ணாடியின் தூய்மை ஆகியவை பற்றிய பகுதிகள் மட்டும் பொருந்தும்.

என் காரில் இரவு வெளிச்சம் போதவில்லை. முதலில் எதை வாங்குவது?

முதலில் எதையும் வாங்க வேண்டாம். ஏழெட்டு ஆண்டு ஓடிய ஒரு காரின் ஹெட்லைட், புதிதாக வந்தபோது தந்த வெளிச்சத்தை இப்போது தருவதில்லை. முன்புற பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கும், பல்பு பழையதாகியிருக்கும், வயரிங்கில் மின்னழுத்தம் குறைந்திருக்கும், எப்போதோ பம்பர் மாற்றியபோது விளக்கின் கோணமும் நகர்ந்திருக்கும். இந்த நான்கையும் சரிசெய்வதற்கு ஆகும் செலவு, ஒரு நல்ல எல்.இ.டி. ஜோடியின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதைச் செய்து முடித்த பிறகு வேறு எதுவும் தேவைப்படாமல் போவதும் உண்டு. மேலும், இவை நான்கும் எதிரே வருபவருக்கு ஒரு தீங்கும் செய்யாத மேம்பாடுகள். ஆகவே கீழே உள்ள பதில்களில் பழுது பார்ப்பதற்கே அதிக இடம் கொடுக்கப்பட்டுள்ளது.

கண் கூசுவதற்குக் காரணம் வெளிச்சம் அதிகமாக இருப்பதுதானே?

ஓரளவுதான். வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்பதே முதன்மையான காரணம். எச்4 என்னும் இரட்டை இழை ஹாலஜன் பல்பு கொண்ட ஹெட்லைட்டுகளுக்கென ஐரோப்பாவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த ஐ.நா. விதிமுறை எண் 20-ஐப் பார்த்தால் இது தெளிவாகும். விளக்கிலிருந்து 25 மீட்டர் தொலைவில் ஒரு திரையை வைத்து, லோ பீமை எரியவிட்டு, குறிப்பிட்ட புள்ளிகளில் அளவெடுப்பார்கள். அவற்றில் ஒரு புள்ளி, 50 மீட்டர் தொலைவில் எதிரே வரும் ஓட்டுநரின் கண் இருக்கும் இடத்தைக் குறிக்கிறது, அங்கே 0.4 லக்ஸுக்கு (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) மேல் விழக்கூடாது. இன்னொரு புள்ளி, 75 மீட்டர் தொலைவில் நம் பக்கத்துச் சாலையோரத்தைக் குறிக்கிறது. அங்கே குறைந்தது 12 லக்ஸ் விழ வேண்டும். அந்தத் திரையில் இவ்விரண்டு புள்ளிகளுக்கும் இடையே உயரத்தில் அரை மீட்டரும் அகலத்தில் இரண்டு மீட்டரும்தான் வேறுபாடு. அவ்வளவு சிறிய இடைவெளிக்குள் வெளிச்சம் முப்பது மடங்கு மாற வேண்டும்.

இந்த மாற்றத்தைத் துல்லியமாக நிகழ்த்துவதுதான் ஒரு ஹெட்லைட்டின் வேலை. சுவரில் லோ பீமை அடித்துப் பார்த்தால் தெரியும் மேல் விளிம்புக் கோடு, மெக்கானிக்குகள் 'கட்-ஆஃப்' என்று சொல்லும் கோடு, இதன் வெளித்தோற்றமே. நாம் செய்யும் எந்த மாற்றமும் அந்தக் கோட்டைக் கலைத்துவிட்டால், மொத்த வெளிச்சம் கூடினாலும் விளக்கு முன்பைவிடத் தரம் குறைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கண்ணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. எதிரே வரும் ஒளி கண்ணின் வில்லையில் சிதறி, பார்வையின் மீது ஒரு மெல்லிய திரைபோலப் படர்கிறது. நாம் பார்க்கும் திசைக்கும் ஒளி வரும் திசைக்கும் இடையிலான கோணம் பாதியானால், அந்தத் திரை ஏறத்தாழ நான்கு மடங்கு அடர்த்தியாகிறது. நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலையில், எதிர் வாகனம் பார்வைக் கோட்டுக்கு மிக அருகில் வருவதால்தான் தொல்லை அதிகமாகிறது. வயது கூடக் கூட இந்தச் சிதறலும் கூடுகிறது. 70 வயதில் அது இளவயதில் இருந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்காகிவிடும்.

ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எல்.இ.டி. பல்பு மாட்டினால் என்ன குறை?

எச்4 பல்புக்குள் இரண்டு மின்னிழைகள் உள்ளன: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்கு அடியில் சிறிய கிண்ணம் போன்ற ஓர் உலோகத் தடுப்பு இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் ஒளி பட்டால் அது மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போய்விடும் என்பதால், அந்தத் தடுப்பு கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாமல் மறைக்கிறது. இழையின் நீளம், தடிமன், பல்பின் அடிப்பாகத்திலிருந்து அது நிற்கும் தூரம் ஆகிய அனைத்தையும் கணக்கிட்டே, ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. ஒரு தட்டையான தண்டின் இருபுறமும் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கும். இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். சில்லுகள் இரண்டு பக்கமாக மட்டும் வீசும். தண்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. ஆகவே சில்லுகள் நடு அச்சிலிருந்து சற்று விலகியே நிற்கும். ரிஃப்ளெக்டர் எதிர்பார்க்கும் இடத்தில் ஒளி பிறக்காததால், அது திருப்பி அனுப்பும் ஒளியும் எதிர்பார்த்த இடத்தில் விழுவதில்லை. கட்-ஆஃப் கோட்டுக்கு மேலே மங்கலாக ஒரு வெண்படலம் ஏறும்; சாலையின் தூரப் பகுதிக்குப் போக வேண்டிய ஒளி, காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் கொட்டும்.

இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. கண் முன்னால் சாலை பளீரென்று வெளுத்துத் தெரிவதால், ஓட்டுபவர் வெளிச்சம் கூடிவிட்டதாக நம்புகிறார். ஆனால் அருகில் உள்ள தரை அதிகமாக ஒளிரும்போது கண்மணி சுருங்குகிறது. கண் அந்த வெளிச்சத்துக்கே பழகிக்கொள்கிறது. அதனால் தூரத்தில் கருப்புச் சட்டையில் சாலையைக் கடப்பவர் முன்பைவிடத் தாமதமாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது. எல்.இ.டி. மாற்றியவர்களில் பலர் மனநிறைவோடு இருப்பதற்கும், அவர்களுக்கு எதிரே வருபவர்கள் திட்டுவதற்கும் காரணம் ஒன்றே.

இவை தவிர நடைமுறைத் தொல்லைகளும் உள்ளன. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறியால் ரப்பர் மூடி சரியாக உட்காராமல் தூசியும் ஈரமும் உள்ளே போகும். விசிறி நின்றுவிட்டால் சில்லுகள் சூடேறி ஒளி மங்கும். சில மலிவான பல்புகள் எஃப்.எம். ரேடியோவில் இரைச்சலை உண்டாக்கும்.

பெட்டியில் 20,000 லூமென் என்று போட்டிருக்கிறதே?

லூமென் என்பது ஒரு பல்பு மொத்தமாகத் தரும் ஒளியின் அலகு. 13.2 வோல்ட்டில் எச்4 பல்பின் லோ பீம் தர வேண்டிய அளவு 1000 லூமென், ஹை பீமுக்கு 1650 லூமென். இரண்டிலும் 15 சதவீதம் முன்பின் இருக்கலாம். இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டு பார்த்தால் 30 அல்லது 40 வாட்டைத் தாண்டாத எல்.இ.டி. பல்பு, வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தந்தாலும், பெட்டியில் உள்ள எண்ணின் அருகில்கூடப் போகாது. அந்த எண் உண்மையாகவே இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

வெளிநாடுகளில் எல்.இ.டி. மாற்றுப் பல்புக்கு அனுமதி உண்டு என்கிறார்களே?

ஜெர்மனியில் 2020-இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்.இ.டி. பல்புக்கு அந்நாட்டு அரசு அலுவலகம் அனுமதி கொடுத்தது. அடுத்து பிலிப்ஸ் நிறுவனத்தின் பல்பும் அனுமதி பெற்றது. ஆனால் அந்த அனுமதி எல்லாக் கார்களுக்கும் பொதுவானதன்று. எந்தக் காரின் எந்த ஹெட்லைட்டில் அந்தப் பல்பைச் சோதித்துப் பார்த்தார்களோ, அந்தக் காருக்கு மட்டுமே அது செல்லும். பட்டியலில் இல்லாத காரில் மாட்டினால் அங்கேயும் சட்டவிரோதம்தான். பல்பும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்ததுதான் விளக்கு, தனிப் பல்பைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய இயலாது என்பதை ஏற்றுக்கொண்ட அணுகுமுறை இது. அதே பல்பை இங்கே இணையத்தில் வாங்கி வேறொரு காரில் மாட்டிவிட்டு, ஜெர்மனியில் அனுமதி பெற்றது என்று வாதிடுவது பொருந்தாது.

100/90 வாட் ஹாலஜன் பல்பு மாட்டலாமா?

வேண்டாம். இழை சரியான இடத்தில் இருப்பதால் ஒளியின் வடிவம் பெரிதாகக் கெடாது என்பது உண்மைதான். ஆனால் கட்-ஆஃபுக்கு மேலே இயல்பாகக் கசியும் சிறிதளவு ஒளியும் அதே விகிதத்தில் கூடிவிடும். அதைவிடப் பெரிய கவலை வெப்பம். 90 வாட் வீதம் இரண்டு பல்புகள் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும். 55 வாட் ஜோடி இழுப்பது 9 ஆம்பியருக்குச் சற்று மேல். பழைய வயரும், பிளாஸ்டிக் ஹோல்டரும், ஸ்டியரிங் அருகில் உள்ள சுவிட்சும் அந்தக் கூடுதல் மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோல்டர் உருகுவதும், ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகிப்போவதும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குப் பழகிப்போன காட்சிகள்.

'130 சதவீதம் கூடுதல் ஒளி' என்று விற்கும் ஹாலஜன் பல்புகள் உண்மையானவையா?

வாட் அளவு கூடாமல், இழையை நெருக்கமாகவும் துல்லியமாகவும் சுற்றி, சாலையில் குறிப்பிட்ட ஒரு பகுதியில் விழும் ஒளியைக் கூட்டுகிறார்கள். அந்தச் சதவீதம், விதிமுறை கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. நம் காரில் இப்போது இருக்கும் பல்போடு ஒப்பிட்டன்று. ஆகவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எனினும் நேர்மையான மேம்பாடு இதுதான்: வடிவம் கெடாது, எதிரே வருபவருக்குத் தொல்லை இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. இழை அதிகச் சூட்டில் எரிவதால் ஆயுள் குறையும். இரண்டு பல்புகளையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

நீல நிறம் பூசி 'வெண்ணொளி' என்று விற்கப்படுபவற்றைத் தவிர்த்துவிடலாம். அந்தப் பூச்சு, இழையிலிருந்து வரும் மஞ்சள், சிவப்பு ஒளியில் ஒரு பகுதியை வடிகட்டியே வெண்மையைக் காட்டுகிறது. அதாவது வெளிச்சத்தைக் கொடுத்து நிறத்தை வாங்குகிறோம்.

பல்பு மாற்றும்போது கண்ணாடிப் பகுதியை விரலால் தொடக்கூடாது. எச்4-இன் மூன்று காதுகளும் பள்ளத்தில் முழுமையாக உட்கார்ந்த பிறகே கம்பிக் கொக்கியைப் பூட்ட வேண்டும். பல்பு சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே கட்-ஆஃப் கோடு இல்லாமல் போய்விடும். திடீரென ஒரு பக்க விளக்கு மட்டும் எதிரே வருபவரைக் கூசச்செய்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ரிலே கிட் போட்டால் வெளிச்சம் கூடும் என்பது உண்மையா?

பழைய கார்களில் உண்மை. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 மடி அடுக்கில் மாறுகிறது; அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறைந்துவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து, பல்பின் இணைப்பில் 12.3 வோல்ட் மட்டும் வந்தால், கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வயரிலேயே போய்விட்டது என்று பொருள். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் இதை ஐந்து நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துங்கள், பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் இழப்பு தெரியாது.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடியாகத் தடித்த வயர் கொண்டுவந்து, பழைய சுவிட்சை ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துவதே ரிலே கிட்டின் வேலை. எர்த் வயரும் புதிதாகத் தடித்ததாகப் போட வேண்டும். பலர் பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, துருப்பிடித்த எர்த் போல்ட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விளக்குகளைக் கணினிப் பெட்டியே கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இது தேவையில்லை. அவற்றின் வயரிங்கை வெட்டுவது வாரண்டியையும் சேர்த்து வெட்டுவதாகும்.

மஞ்சளாகிப்போன ஹெட்லைட் கண்ணாடியைச் சரிசெய்ய முடியுமா?

அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே பூசப்பட்ட புற ஊதாக் காப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்த பிறகு மஞ்சளாகிக் கலங்குகிறது. கலங்கிய பரப்பு வெளிச்சத்தைக் குறைப்பதோடு நில்லாமல், மிச்ச ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்துக் கண்கூச்சத்தையும் உண்டாக்குகிறது. ஆகவே இதைச் சரிசெய்வது இருபக்கமும் பயன் தருவது.

தண்ணீர் விட்டுத் தேய்க்கும் எமரித் தாளை 800 அல்லது 1000 எண்ணில் தொடங்கி, 2000, 3000 என்று மென்மையாக்கிக்கொண்டே போய், பிறகு பாலிஷ் போட்டால் தெளிவு திரும்பும். அதன் மேல் புற ஊதாக் காப்புப் பூச்சைப் பூசாமல் விட்டால் சில மாதங்களிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். பற்பசை வைத்துத் தேய்ப்பது ஒரு சில வாரங்களுக்கான கண்துடைப்பு. உள்ளே ரிஃப்ளெக்டரின் பூச்சே மங்கியிருந்தால் வேறு வழியில்லை, ஹெட்லைட் முழுவதையும் (அசெம்பிளியை) மாற்றத்தான் வேண்டும். அந்த அலுமினியப் படலம் மிக மெல்லியது, துணியால் துடைத்தாலே கையோடு வந்துவிடும்.

ஹெட்லைட் உயரத்தை வீட்டிலேயே சரிபார்க்க இயலுமா?

இயலும். இந்தப் பக்கத்திலேயே அதிகப் பயன் தரும் வேலை இதுதான் என்பது என் கருத்து, செலவும் இல்லை.

லோ பீம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே சாய வேண்டும் என்பது சதவீதத்தில் சொல்லப்படும். பல கார்களில் பானட்டைத் திறந்தால், ஹெட்லைட்டின் மேற்புறத்திலோ அருகில் உள்ள ஸ்டிக்கரிலோ ஒரு விளக்குப் படத்துடன் 1.0% அல்லது 1.2% என்று அச்சிட்டிருக்கும். ஒரு சதவீதம் என்றால் பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறக்கம். பல்பு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஒரு சதவீதச் சாய்வில் கட்-ஆஃப் கோடு 65 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். ஒன்றரை சதவீதமாக இறங்கியிருந்தால் அது 43 மீட்டராகச் சுருங்கிவிடும். அதாவது விளக்கு தேவைக்கு மேல் குனிந்திருக்கும் காரில், எவ்வளவு விலை கொடுத்து எந்தப் பல்பை மாட்டினாலும் அந்த 43 மீட்டர் எல்லை நகராது.

சமதளமான தரையும் ஒரு சுவரும் வேண்டும். டயர்களில் சரியான காற்றும் டேங்கில் பாதியளவு எரிபொருளும் இருக்கட்டும்; ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமரட்டும்; டேஷ்போர்டில் விளக்கின் உயரத்தை மாற்றும் லெவலர் திருகு 0-வில் இருக்கட்டும். காரைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, இரண்டு பல்புகளின் மையம் வரும் இடங்களைச் சுவரில் குறித்துக்கொண்டு, நேர்கோட்டில் ஐந்து மீட்டர் பின்னால் வாருங்கள். ஒரு சதவீதச் சாய்வுக்கு, கட்-ஆஃபின் தட்டையான பகுதி அந்தக் குறிகளுக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே அமைய வேண்டும். இடப்பக்கம் வாகனம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில், கோடு ஓரிடத்தில் வளைந்து இடப்புறமாக மேலேறும். அந்த வளைவு பல்பின் மையத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு மற்றதைத் துணியால் சிறிது நேரம் மறைக்கலாம். நீண்ட நேரம் மறைத்தால் சூட்டில் பிளாஸ்டிக் கெடும்.

ஹெட்லைட்டின் பின்புறம் இரண்டு திருகுகள் இருக்கும்: ஒன்று மேல்கீழாகவும், மற்றது பக்கவாட்டிலும் நகர்த்தும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். இந்த வேலையில் கை வைக்க விருப்பமில்லாதவர்கள், பீம் செட்டர் கருவி வைத்திருக்கும் சர்வீஸ் நிலையத்தில் கேட்டு வாங்கலாம். கேட்காமல் இதைச் செய்பவர்கள் குறைவு.

டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று இருக்கும் திருகு எதற்கு?

பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் காரின் பின்புறம் தாழ்ந்து முகம் மேலெழும். மாருதி ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் 2450 மில்லிமீட்டர். முன்புறம் அப்படியே இருக்க, பின்புறம் இரண்டரை சென்டிமீட்டர் தாழ்ந்தாலே ஒரு சதவீதச் சாய்வு முழுவதும் காணாமல் போய்விடும். மிகச் சரியாக அமைத்த விளக்கும் அப்போது எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். அந்தத் திருகு விளக்கை அதற்கேற்பக் கீழே இறக்குவதற்காகவே உள்ளது. எண் கூடக் கூட விளக்கு குனியும். எத்தனை பேருக்கு எந்த எண் என்பது கையேட்டில் இருக்கும். குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும் இரவில் இதைத் திருப்புவதற்கு மூன்று நொடி போதும். தளர்ந்த பின் ஸ்பிரிங்குகள் உள்ள காரில் பாரம் இல்லாமலேயே இந்தக் கோளாறு நிரந்தரமாக இருக்கும்.

அசெம்பிளியையே மாற்றுவதோ, புரொஜெக்டர் பொருத்துவதோ சரியான வழியா?

தொழில்நுட்ப அளவில் இதுவே முழுமையான வழி. புரொஜெக்டரில் ஒரு தகடு ஒளியின் மேற்பகுதியை வெட்டி, வில்லை அதைச் சாலையில் வீசுவதால் கோடு கூர்மையாக இருக்கும், எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த புரொஜெக்டரில் ஒளிமூலம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். எனினும் பழைய ஹெட்லைட்டைச் சூடாக்கிப் பிரித்து, உள்ளே புரொஜெக்டரைப் பொருத்தி, மீண்டும் ஒட்டும் வேலை கைத்திறனைப் பொறுத்தது: அரை டிகிரி சாய்ந்தாலும் கோணம் தவறும், ஒட்டு சரியில்லையென்றால் முதல் மழையிலேயே உள்ளே நீர் கோக்கும். அதைவிட, அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டில் தொழிற்சாலையே கொடுக்கும் அசெம்பிளி கிடைத்தால் அதைப் பொருத்துவது மேல். கனெக்டர் பொருந்துமா, லெவலர் இயங்குமா என்று டீலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அசெம்பிளி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் வாகனங்கள் இடப்பக்கம் செல்கின்றன. அங்கெல்லாம் ஒளி இடப்புறம் மேலேறும். ஐரோப்பியக் கண்டத்துக்கோ வளைகுடா நாடுகளுக்கோ செய்த விளக்கில் அது வலப்புறம் மேலேறும். நம் சாலையில் அது எதிர் வாகனத்தின் மீதே நேராகப் பாயும். ஐ.நா. விதிமுறைப்படி செய்த விளக்கின் முகப்பில், இடப்பக்கப் போக்குவரத்துக்கானது என்றால் ஒரு கிடை அம்புக்குறி இருக்கும். விளக்கை எதிரில் நின்று பார்ப்பவருக்கு அது வலப்புறம் நோக்கியிருக்கும். அம்புக்குறியே இல்லாதது வலப்பக்கப் போக்குவரத்துக்கானது.

எச்.ஐ.டி. எனப்படும் செனான் விளக்குக் கிட்டை ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் மாட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அவ்வகையைச் சேர்ந்த ஒரு டி2எஸ் பல்பு 3200 லூமென் தரும். 2000 லூமெனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் கொண்ட விளக்குக்குத் தானாக உயரம் சரிசெய்யும் அமைப்பும் முகப்பைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று ஐ.நா. விதிமுறை கேட்டதிலிருந்தே, அவ்வளவு ஒளியை எத்தனை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பது விளங்கும்.

கூடுதல் விளக்குகள், லைட் பார் பொருத்தலாமா?

பம்பரின் கீழே, அகலமான தட்டை ஒளி தரும் நல்ல ஃபாக் லாம்ப் ஜோடி வளைவுகளிலும் மூடுபனியிலும் உதவும். ஆனால் அது தூரத்தைக் காட்டாது. கூரையிலும் பம்பரிலும் மாட்டப்படும் எல்.இ.டி. லைட் பார்களுக்குக் கட்-ஆஃப் என்று ஒன்றே கிடையாது. தனியார் நிலத்தில், தோட்ட வேலைகளில் அவற்றுக்குப் பயன் உண்டு. பொதுச் சாலையில் அவற்றை நியாயப்படுத்த வழியில்லை.

மழையில் மஞ்சள் ஒளி நல்லது என்கிறார்களே?

மழைத்துளியும் பனித்துளியும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கும். பிரான்சில் 1936 முதல் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமாக இருந்தது; பிறகு கைவிட்டார்கள். ஒரே அளவு ஒளியில் நீலம் கலந்த வெண்மை கண்ணுக்கு அதிக உறுத்தலாக இருப்பது உண்மை என்பதால், நீலம் கலந்த 6000 கெல்வின் நிறத்தைவிட, மஞ்சள் பக்கம் சாய்ந்த 4300 கெல்வின் நிறம் எதிரே வருபவருக்கு இதமானது.

ஹெட்லைட்டின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் கண் கூசாதா?

தமிழ்நாட்டில் போக்குவரத்துக் காவலர்கள் வாகனங்களை நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ரிஃப்ளெக்டர் விளக்கில் அந்த வட்டம், சாலைக்கும் எதிரே வருபவருக்கும் போகும் ஒளியை ஒருசேரச் சிறிது குறைக்கிறது. முன்பு சொன்ன முப்பது மடங்கு விகிதத்தை அது திருத்துவதில்லை. விழிப்புணர்வுக்கான அடையாளமாக அதற்கு மதிப்பு இருக்கலாம். கோணம் தவறிய விளக்கை, ஹெட்லைட்டின் பின்புறம் உள்ள திருகு மட்டுமே திருத்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி இதைப் பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், வாகனத்தின் வலப்புற ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூசாதபடி ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. இது கடினமான வரம்பு இல்லை. ஒழுங்காக அமைத்த எந்த லோ பீமும் இதை எளிதில் நிறைவேற்றும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. கடைக்காரர் மாட்டிக்கொடுத்தார் என்பது பதிலாகாது.

எல்லாம் சரிசெய்தும் இரவில் பார்வை தடுமாறுகிறது. ஏன்?

முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி அங்கே மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்து, எதிரொளியைப் பெரிய வட்டமாக விரிக்கும். வைப்பர் போட்ட கீறல்களும் அதையே செய்யும். அடுத்து கண் மருத்துவரைப் பாருங்கள். தொடக்கநிலைக் கண்புரை பகலில் தெரியாமல் இரவில்தான் தொல்லை தரும். இரவு ஓட்டத்துக்கென்று விற்கும் மஞ்சள் மூக்குக்கண்ணாடிகள் வரும் ஒளியைக் குறைப்பவை. இருட்டில் நடந்து செல்பவரைக் கண்டுகொள்ள அவை உதவுவதில்லை.

ஏற்கெனவே எல்.இ.டி. மாட்டிவிட்டேன். கழற்றத்தான் வேண்டுமா?

சட்டப்படி ஆம். கண்ணால் கண்டு முடிவு செய்ய விரும்பினால், மேலே சொன்ன சுவர்ச் சோதனையை ஒரு பக்கம் பழைய ஹாலஜனும் மறுபக்கம் எல்.இ.டி.யுமாக மாட்டிச் செய்து பாருங்கள். கோட்டுக்கு மேலே சுவர் எவ்வளவு வெளுத்திருக்கிறது, அடர்ந்த ஒளி கோட்டை ஒட்டி நிற்கிறதா அல்லது கீழே வழிந்துவிட்டதா என்பதை ஒப்பிடுங்கள். பிறகு லோ பீமை எரியவிட்டு, காருக்கு முன்னால் ஐம்பது மீட்டர் நடந்து போய், எதிரே வரும் ஓட்டுநர் அமர்ந்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து இரண்டு விளக்குகளையும் பாருங்கள். கழற்றி வைத்த பழைய பல்புகளை அதுவரை தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.